மௌனமும் மேடையும்: அமெரிக்கக் குடியரசின் தாபகரும் இக்காலச் சனாதிபதித் தேர்தலும்

ஒரு குடியரசைத் தாபித்த தலைவர்கள் இன்று மீண்டுவந்து அக்குடியரசின் தலைமைப் பதவிக்குப் போட்டியிடுவார்களாயின் அவர்களுக்கு வெற்றி கிட்டுமா என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தேர்தற் காலங்களில் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். வேடிக்கையாக எழுப்பப்படும் வினாவாயினும், அதற்குக் கூறப்படும் விடைகள் வெறும் வேடிக்கையானவையல்ல. நிகழ்காலத்தை மதிப்பிடுவதற்குச் சென்ற காலத்தை எவ்வாறு துலாக்கோலாகக் கொள்வது என்னும் பிரச்சினை அவற்றில் அடங்கியுள்ளது.

வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. அத்தகைய பெருந்தகையோர் இன்று தோற்றே போவர். ஏனெனில் மக்களின் இரசனையும் அரசியலின் தரமும் தாழ்ந்துவிட்டன என்பது ஒன்று. மேதைகள் எக்காலத்திலும் மேதைகளே. இன்றைய கருவிகளையும் அவர்கள் விரைவிற் கைவசப்படுத்தியிருப்பர் என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. மனிதரை அவர்களைத் தோற்றுவித்த சமுதாயத்தினின்றும் பிரித்தெடுத்து, வேறொரு காலத்திலே நட்டுப் பார்க்கலாம் என அவை கருதுகின்றன. ஓர் இலக்கியத்தை அது எழுந்த சூழலையும் அதனை வாசித்தோரையும் மறந்து மதிப்பிடுவது எத்துணைப் பொருந்தாதோ, அத்துணைப் பொருந்தாதது இதுவும். நிறைவேற்று அதிகாரங்கொண்ட சனாதிபதி முறை 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பினூடாக இலங்கையிலும் நிலைபெற்றமையால், அம்முறையின் மிகப் பழைய வடிவத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி ஈழத்து வாசகருக்கும் புறம்பானதாகாது.

தாபகர்களின் காலத்தை அறிவதற்கு அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துக்களே சிறந்த வாயில். அவர்களின் அரசியல் முதன்மையாக எழுத்தின் அரசியலாகவே இருந்தது. புதிய அரசியலமைப்பை ஏற்குமாறு நியூயோர்க் மாநில மக்களைத் தூண்டும் பொருட்டு 1787, 1788 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெடரலிஸ்ற் கட்டுரைகளை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். அலெக்சாந்தர் ஹமில்ரன், ஜேம்ஸ் மடிசன், ஜோன் ஜே ஆகிய மூவரும் எழுதிய அந்த 85 கட்டுரைகளும் ‘பப்ளியஸ்’ என்னும் ஒரே புனைபெயரில் வெளியாயின. ஆசிரியரின் பெயரும் முகமும் மறைந்திருக்க, வாதம் ஒன்றே முன்னிற்கின்றது. மடிசன் எழுதிய பத்தாவது கட்டுரையிலே கட்சிப் பிரிவுகளின் தோற்றமும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழியும் படிப்படியாக ஆராயப்படுகின்றன. அதன் நீண்ட வாக்கியங்கள் ஓய்வும் கல்வியும் பொறுமையும் உள்ள ஒரு வாசகனை வேண்டி நிற்கின்றன. அத்தகைய வாசகன் உளன் என்னும் நம்பிக்கை அவ்வெழுத்தின் நடையிலேயே தெரிகின்றது.

ஜோர்ஜ் வாஷிங்ரனின் பிரியாவிடை உரை இன்னுங் கவனத்திற்குரியது. உரை என வழங்கப்படினும் அஃது எம்மேடையிலும் நிகழ்த்தப்பட்டதன்று. 1792 ஆம் ஆண்டில் மடிசன் எழுதிக் கொடுத்த வரைவை அடியொற்றி, 1796 ஆம் ஆண்டில் ஹமில்ரனின் பேருதவியோடு திருத்தியமைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்ரெம்பர் 19 ஆந் திகதி பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றிலே அது வெளியிடப்பட்டது. மக்களை நண்பர்களாக விளித்துத் தொடங்கும் அவ்வுரையின் ஆசிரியர், அம்மக்களின் முன்னிலையில் அதனைப் பேசவில்லை. தோமஸ் ஜெபர்சன் இவ்வழக்கினை மேலும் வலுப்படுத்தினார். அவருக்கு முன்னிருந்த இருவரும் காங்கிரஸிலே நேரிற் சென்று ஆற்றிய வருடாந்த உரையை, 1801 ஆம் ஆண்டு முதல் அவர் எழுத்து மூலமாகவே அனுப்பிவைத்தார். 1913 ஆம் ஆண்டில் வூட்ரோ வில்சன் மீண்டும் நேரிற் சென்று பேசும்வரை அம்முறையே நீடித்தது. சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஜெபர்சன், சனாதிபதியாகப் பதவியேற்ற தினத்தில் நிகழ்த்திய உரை மண்டபத்திலிருந்தோர் பலருக்குக் கேட்கவேயில்லை என்பது நன்கறியப்பட்ட செய்தி.

இவ்வெழுத்து மரபுக்குத் துணையாக மற்றொரு மரபும் நிலவிற்று. சனாதிபதிப் பதவியை ஒருவர் தாமாகக் கேட்டல் தகாது; பதவியே அவரைத் தேடி வருதல் வேண்டும் என்பதே அது. பெடரலிஸ்ற் கட்டுரைகளுள் அறுபத்தெட்டாவதில், தேர்வாளர் குழுவினூடாகச் சனாதிபதியைத் தெரிவு செய்யும் முறைக்கு ஹமில்ரன் நியாயங் கற்பிக்கின்றார். சூழ்ச்சியிலும் மலினமான மக்கட் கவர்ச்சியிலும் வல்லவர்கள் ஒரு மாநிலத்திலே வெற்றி பெறலாமெனினும், நாடு முழுவதின் நம்பிக்கையைப் பெறுதல் அவர்களுக்கு இயலாது என்பது அவரின் எதிர்பார்ப்பு. 1789 ஆம் ஆண்டில் 69 தேர்வாளரும், 1792 ஆம் ஆண்டில் 132 தேர்வாளரும் ஒருமனதாக வாஷிங்ரனைத் தெரிவு செய்தமை அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறியது போன்ற தோற்றத்தைத் தந்தது. 1796 ஆம் ஆண்டின் தேர்தற் காலத்தில் ஜெபர்சன் மொண்டிசெலோவிலுள்ள தம் இல்லத்திலேயே தங்கியிருந்தார். அக்கால ஒழுக்கத்தின்படி மௌனமும் ஓர் அபேட்சகரின் தகுதியாகக் கருதப்பட்டது.

ஆயினும் அம்மௌனத்தின் பின்னே நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, பொற்காலம் பற்றிய கற்பனை நெடுநேரம் நிலைப்பதில்லை. 1755 ஆம் ஆண்டில் வேர்ஜீனியாச் சட்டசபைத் தேர்தலிலே தோல்வியுற்ற வாஷிங்ரன், 1758 ஆம் ஆண்டில் மீண்டும் போட்டியிட்டபோது வாக்காளருக்கு நூறு கலனுக்கு மேற்பட்ட மதுவகைகள் அவர் செலவில் வழங்கப்பட்டன. அவர் தொகுதிக்கு வராமலே வெற்றி பெற்றார். 1777 ஆம் ஆண்டில் இவ்வாறு மது வழங்குவதைக் குடியரசுக் கொள்கைக்கு ஒவ்வாததெனக் கருதி மறுத்த மடிசன் தோல்வியுற்றார். அவரே 1789 ஆம் ஆண்டில், பிரதிநிதிகள் சபை ஆசனத்திற்காக ஜேம்ஸ் மன்றோவுடன் போட்டியிட்டபோது, கடுங்குளிரிலே ஊரூராகச் சென்று வாக்காளர் முன் விவாதித்தார். அக்குளிரினால் அவர் மூக்கிலேற்பட்ட பாதிப்பின் வடு பின்னரும் இருந்தது. 336 வாக்குகள் அதிகமாகப் பெற்று அவர் வென்றார். அரசியலமைப்பின் தந்தை எனப் போற்றப்படுபவர், தேவை நேர்ந்தபோது வாக்குக் கேட்டு வீதியில் இறங்கினார் என்பதையே இது காட்டுகின்றது.

பத்திரிகைப் போரிலும் தாபகர்கள் பின்னின்றவர்களல்லர். அரசுச் செயலாளராக இருந்த ஜெபர்சன் 1791 ஆம் ஆண்டில் பிலிப் பிரெனோ என்னுங் கவிஞரைத் தம் திணைக்களத்திலே மொழிபெயர்ப்பாளராக நியமித்தார். பிரெனோ அவ்வாண்டிலேயே ஒரு பத்திரிகையை ஆரம்பித்து, திறைசேரிச் செயலாளரான ஹமில்ரனின் கொள்கைகளைத் தாக்கினார். ஹமில்ரனும் தம்மைச் சார்ந்த பத்திரிகைக்கு ஆதரவளித்தார். 1798 ஆம் ஆண்டில் ஜோன் அடம்ஸ் ஒப்பமிட்ட அரச நிந்தனைச் சட்டத்தின் கீழ், எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர் சிறையிடப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கலெண்டருக்கு ஜெபர்சன் மறைவாகப் பணம் வழங்கியிருந்தார். 1800 ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஜெபர்சன் நாத்திகர் எனத் தூற்றப்பட்டார். அதே தேர்தலில் தம் கட்சியைச் சேர்ந்த அடம்ஸை இகழ்ந்து ஹமில்ரன் ஒரு நெடுங்கடிதம் எழுதி, அஃது அச்சேறிப் பரவிற்று. முடிவில் ஜெபர்சனும் ஏரன் பரும் தலா 73 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றனர். அடம்ஸ் 65 வாக்குகளைப் பெற்றார். 1801 பெப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் தெரிவானார்.

ஆகவே, தாபகர்கள் சனாதிபதித் தேர்தல் அரசியலிலே எவ்வாறு விளங்குவர் என்னும் வினா முற்றிலுங் கற்பனையானதன்று. அவர்கள் அவ்வரசியலில் ஈடுபட்டவர்கள். அதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களும் அவர்களே. அவதூறும் கட்சிப்பகையும் பணமும் அவர்களுக்குப் புதியனவல்ல. அபேட்சகர் வாய்மூடி இருப்பார்; மற்றையோர் அவருக்காகப் பேசுவர், எழுதுவர், ஏசுவர். அவர்களது காலத்தையும் இக்காலத்தையும் வேறுபடுத்துவது ஒழுக்கத்தின் உயர்வு தாழ்வு எனின், அது சான்றுகளோடு பொருந்தாது. அபேட்சகருக்கும் மக்களுக்கும் இடையே நிலவிய உறவிலேயே வேறுபாட்டைத் தேடவேண்டும்.

அவ்வுறவை விளங்கிக்கொள்வதற்கு ‘மக்கள்’ என அன்று கருதப்பட்டோர் யாவர் என்பது தெளிவாதல் வேண்டும். 1790 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முதலாவது குடிசன மதிப்பின்படி நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 39 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் அடிமைகள். பெரும்பாலான மாநிலங்களிலே சொத்துடைமையோ வரி செலுத்துதலோ வாக்குரிமைக்கு நிபந்தனையாக இருந்தது. சொத்துடைய பெண்கள் சிலர் நியூ ஜேர்சியிலே வாக்களித்தனர்; 1807 ஆம் ஆண்டில் அவ்வுரிமையும் பறிக்கப்பட்டது. புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறந்துவிடலாகாது என 1776 ஆம் ஆண்டில் அபிகேல் அடம்ஸ் தம் கணவருக்கு எழுதிய கடிதத்திற்கு, ஜோன் அடம்ஸ் நகைப்புடனேயே பதிலளித்தார். வாக்களிக்க இயலாத அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கு, அவர்தம் உடைமையாளரின் மாநிலங்களுக்குரிய பிரதிநிதித்துவக் கணக்கிலே சேர்க்கப்பட்டது. அக்கணக்குத் தேர்வாளரின் தொகையையும் உயர்த்தியது. 1800 ஆம் ஆண்டில் ஜெபர்சன் பெற்ற வெற்றிக்கு இவ்விதி துணை செய்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இப்பின்னணியில் நோக்கும்போது தாபகரின் மௌனம் வேறொரு பொருள் தருகின்றது. தெரிவு செய்வோரும் தெரிவு செய்யப்படுவோரும் பெரும்பாலும் ஒரே வகுப்பினர். ஒருவர் மற்றொருவரை நேரிலோ கடித மூலமோ புகழ் மூலமோ அறிவர். அவ்வட்டத்தினுள்ளே ஒருவர் தம்மைத் தாமே அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. அவ்வட்டத்திற்கு வெளியே நின்றோர் அவரிடம் எதனையும் கேட்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. பெடரலிஸ்ற் கட்டுரைகளின் நிதானமும் பிரியாவிடை உரையின் கம்பீரமும் உண்மையானவை. அவற்றின் அறிவுச்சிறப்பை எவரும் மறுத்தற்கியலாது. எனினும் அந்நிதானம் நிலைபெறுவதற்கு அவ்வட்டத்தின் குறுக்கமும் ஒரு காரணமாயிற்று என்பதை மறந்து அவற்றைப் புகழ்தல் விமர்சனமாகாது.

அவ்வட்டம் விரிந்த வரலாறே மேடை தோன்றிய வரலாறுமாகும். சொத்து நிபந்தனைகள் தளர்ந்து வெள்ளையின ஆடவர் பலரும் வாக்குரிமை பெற்ற பின்னர், 1840 ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி ஹரிசன் தம் பொருட்டுத் தாமே கூட்டங்களிற் பேசினார். 1860 ஆம் ஆண்டில் ஸ்ரீபன் டக்ளஸ் நாட்டின் பல பாகங்களுக்குஞ் சென்று ஆதரவு கேட்டபோது அது பழைய ஒழுக்கத்தை மீறியதாகவே பலராற் கண்டிக்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டில் வில்லியம் ஜெனிங்ஸ் பிறயன் புகைவண்டியிலே ஏறக்குறைய 18,000 மைல் பயணஞ் செய்து பேசினார். 1933 ஆம் ஆண்டு முதல் பிராங்ளின் ரூஸ்வெல்ற்றின் குரல் வானொலி மூலம் வீடுகளுக்குட் சென்றது. 1960 செப்ரெம்பர் 26 ஆந் திகதி கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியிலே நேருக்கு நேர் விவாதித்தனர். 1972 ஆம் ஆண்டு முதல், கட்சியின் அபேட்சகரைத் தெரிவு செய்வதிலுங்கூட முதனிலைத் தேர்தல்களே தீர்க்கமான இடத்தைப் பெற்றன. இவற்றோடு இணைத்து நோக்கத்தக்கவை 1870, 1920, 1965 ஆகிய ஆண்டுகள். கறுப்பின ஆடவரின் வாக்குரிமை அரசியலமைப்பிலே இடம்பெற்றது முதலாவதில். பெண்கள் நாடு முழுவதும் அவ்வுரிமை பெற்றது இரண்டாவதில். தென் மாநிலங்களில் நெடுங்காலம் மறுக்கப்பட்டுவந்த கறுப்பினத்தவரின் உரிமைக்குச் செயல்வலு அளித்த சட்டம் நிறைவேறியது மூன்றாவதில். கேட்போர் தொகை பெருகப் பெருக, அபேட்சகர் எழுத்தின் திரைக்குப் பின்னிருந்து வெளியே வரவேண்டியவராயினார்.

இம்மேடையிலே தாபகரை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தல் இனிப் பொருத்தமாகும். அவர்களுள் பெஞ்சமின் பிராங்ளின் ஒருவரே எளிதிற் பொருந்தக்கூடியவர். அச்சுத்தொழிலாளியாகத் தொடங்கிப் பஞ்சாங்கம் வெளியிட்டுப் பொதுமக்களை நகைக்கவும் சிந்திக்கவும் வைத்தவர் அவர். பாரிஸ் நகருக்குத் தூது சென்றபோது, அரசவைக்குரிய பொய்ம்முடியை விடுத்து மென்மயிர்த் தோலாலான தொப்பியை அணிந்து, புதிய உலகின் எளிய ஞானி என்னும் படிமத்தைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டார். புகைப்படக்கருவி தோன்றுமுன்னரே புகைப்படத்தின் இயல்பை அறிந்தவர் அவர் எனலாம். ஆயினும் அரசியலமைப்பு மகாநாடு நிகழ்ந்த 1787 ஆம் ஆண்டில் அவருக்கு வயது 81. மகாநாட்டின் இறுதி நாளில் அவரின் உரையை மற்றொருவரே வாசித்தார். வாஷிங்ரனின் உயர்ந்த தோற்றமும் போர்ப்புகழும் இன்றுஞ் செல்வாக்குடையனவே. தளபதிகளை மக்கள் விரும்புவர் என்பதற்கு 1952 ஆம் ஆண்டில் ஐசன்ஹோவர் பெற்ற வெற்றி சான்று. எனினும், 135 சொற்களில் தம் இரண்டாவது பதவியேற்புரையை முடித்துக்கொண்ட அவர், நாள்தோறும் பல கூட்டங்களிற் பேசும் அபேட்சகராக விளங்கியிருத்தல் அரிது.

அடம்ஸின் நிலை வேறு. 1770 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்தில் மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்து ஐவரைக் கொன்ற பிரித்தானியப் படையினருக்காக, எவரும் வாதாட முன்வரத் தயங்கியபோது, அவர் வழக்கறிஞராகத் தோன்றினார். தளபதியும் அறுவரும் விடுதலை பெற்றனர். இருவர் மாத்திரம் குறைந்த குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டனர். வெறுக்கப்பட்டவனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னுங் கொள்கைக்கு அவ்வழக்கு அரிய உதாரணம். அதே வழக்கை இக்காலத் தேர்தலில் எதிர்க்கட்சியினர் அரை நிமிட விளம்பரமாக்கின், மக்களைக் கொன்றோரின் நண்பர் என்னுந் தொடர் ஒன்றே எஞ்சும். அதனை மறுப்பதற்கு வழக்கின் சாட்சியங்களை விளக்கவேண்டும். விளக்கத்திற்கு அரை நிமிடம் போதாது.

மடிசன் இன்னும் விரைவாக விலக்கப்பட்டிருப்பார். ஐந்தடி நான்கு அங்குல உயரமும் மெலிந்த உடலும் கொண்ட அவரின் குரல், சபையிலே குறிப்பெடுப்போருக்குக்கூடச் சிலவேளைகளில் எட்டுவதில்லை. மகாநாட்டின் விவாதங்களை நாள்தோறும் எழுதிவைத்தவரும், கூட்டாட்சியின் நுட்பங்களை எல்லோரினும் ஆழமாக அறிந்தவரும் அவரே. அத்தகைய ஒருவரை முதல் விவாதத்தின் முடிவிலேயே நீக்கிவிடக்கூடிய தெரிவுமுறையிலே பெருங்குறையொன்று உண்டு என்பதில் ஐயமில்லை. ஹமில்ரனோ, தம்மீது சுமத்தப்பட்ட நிதிமோசடிக் குற்றச்சாட்டை மறுக்கும் பொருட்டு, 1797 ஆம் ஆண்டில் தம் பிறன்மனைத் தொடர்பைத் தாமே விரிவாக எழுதி வெளியிட்டார். தனிவாழ்வின் பிழை வேறு, பொதுப்பணத்திற் களவு வேறு என்பதை வாசகர் பகுத்தறிவர் என அவர் நம்பினார். வாசகரோ பிழையையே சுவைத்துப் படித்தனர். அந்நம்பிக்கை அவர் காலத்திலேயே பொய்த்தது.

இம்மட்டில் ஆராய்ச்சி நிற்குமாயின், தாபகர் தோல்வியுறுவது இக்காலத்தின் குற்றமே என முடிவு கொள்ளலாம். ஆயின் ஜெபர்சன் மேடைக்கு வரும்போது அம்முடிவு தடுமாறுகின்றது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்னுங் கருத்தை ஒரு நாட்டின் பிறப்புச் சாசனமாக்கிய அவர், தம் வாழ்நாளில் 600 பேர்வரையில் அடிமைகளாக வைத்திருந்தார். தம்மால் ஊட்டப்பட்ட கலெண்டரே பின்னர் பகைமை கொண்டு, சலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண் ஜெபர்சனுக்குப் பிள்ளைகள் பெற்றார் என 1802 ஆம் ஆண்டில் எழுதினார். ஜெபர்சன் அதற்குப் பகிரங்கமாக விடையளிக்கவேயில்லை. அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின், 1998 ஆம் ஆண்டில் வெளியான மரபணுப் பரிசோதனை முடிவுகளும், 2000 ஆம் ஆண்டில் மொண்டிசெலோவைப் பராமரிக்கும் நிறுவனம் வெளியிட்ட ஆய்வும், அச்செய்தியைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர் ஏற்கும் நிலையை உருவாக்கின. கலெண்டரின் நோக்கம் இழிந்ததாயினும் வினா இழிந்ததன்று. அவ்வினாவை எழுப்பும் உரிமை உண்மையிற் சலி ஹெமிங்ஸுக்கே உரியது. அவருக்கோ பத்திரிகையும் இல்லை, வாக்கும் இல்லை. இவ்விடத்தில் மௌனம் கண்ணியமாகத் தோன்றவில்லை. விடை கூறாமல் இருப்பதற்கு ஒரு வகுப்பினர் பெற்றிருந்த சலுகையாகவே அது தோன்றுகின்றது.

வாஷிங்ரனின் பிரியாவிடை உரையையும் இவ்வொளியில் மறுபடி வாசித்தல் வேண்டும். அவ்வுரை வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 1796 மே மாதத்தில், அதே பிலடெல்பியாவின் பத்திரிகையிலே மற்றொரு பிரசுரம் இடம்பெற்றது. சனாதிபதியின் இல்லத்திலிருந்து ஓனா ஜட்ஜ் என்னும் இளம் அடிமைப்பெண் தப்பிச் சென்றுவிட்டார் எனவும், அவரைப் பிடித்துத் தருவோருக்கு 10 டொலர் வழங்கப்படும் எனவும் அவ்வறிவித்தல் கூறிற்று. வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமைகள் ஆறு மாதம் தங்கியபின் விடுதலை கோரலாம் எனப் பென்சில்வேனியாச் சட்டம் விதித்திருந்தது. அக்காலவெல்லை நிறைவுறாதபடி அடிமைகளை மாநிலத்திற்கு வெளியே அனுப்பி மீண்டும் அழைத்துவரும் வழக்கத்தை வாஷிங்ரன் கைக்கொண்டார். ஓனா ஜட்ஜ் நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் போட்ஸ்மத் நகரை அடைந்தார். அவரை மீட்க வாஷிங்ரன் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. தமக்கே உரிய அடிமைகள், தம் மனைவியின் மரணத்தின் பின் விடுதலை பெறவேண்டுமென அவர் தம் மரணசாசனத்தில் எழுதியமையும் நினைவுகூரத்தக்கதே. ஆயின் மனைவிவழிச் சொத்தாகக் கருதப்பட்ட ஓனா ஜட்ஜுக்கு அச்சாசனமும் பயன்பட்டிராது.

ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே இல்லத்திலிருந்து வெளிவந்த இரு பிரசுரங்கள் இவை. ஒன்று ஐக்கியத்தையும் சுதந்திரத்தையும் போற்றுமாறு மக்களுக்கு அறிவுரை கூறுகின்றது. மற்றையது சுதந்திரத்தை நாடிச் சென்ற ஒருத்தியைப் பிடித்துத் தருமாறு கேட்கின்றது. முதலாவதன் வாசகர் இரண்டாவதையும் வாசித்தவர்களே; முரண்பாடு அவர்களுட் பெரும்பாலோரை உறுத்தியதாகத் தெரியவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், 1840 களில், அடிமை ஒழிப்பு இயக்கத்தினரின் பத்திரிகைகளிலே ஓனா ஜட்ஜின் குரல் பதிவாயிற்று. வறுமையிலும் இழப்புகளிலும் உழன்றபோதிலும், தப்பிவந்தமைக்காகத் தாம் வருந்தவில்லை எனவும், தாம் சுதந்திரமானவர் எனவும் அவர் கூறினார். பிரியாவிடை உரைக்கு எழுந்த மறுமொழிகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

எனவே, மடிசனை வெளியேற்றக்கூடிய மேடையும் ஜெபர்சனை விடைகூற அழைக்கக்கூடிய மேடையும் ஒரே மேடைதான். மக்கள் எனப்படுவோரின் தொகை விரிந்தமையே இரண்டிற்குங் காரணம். முதலாவதை இழப்பெனக் கருதி வருந்துவோர் இரண்டாவதை ஆதாயமெனக் கொள்ளவும் கடமைப்பட்டுள்ளனர். தாபகருக்கு வசதியாக இல்லை என்பதனால் ஒரு தெரிவுமுறை தாழ்ந்ததாகிவிடாது. வசதியாக இருந்த அப்பழைய முறை, அவர்களிடம் வினாவத் தகுதியுடையோர் பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

ஆனால் இதனைக் கொண்டு இக்கால மேடையைக் குறையற்றதெனப் புகழ்தலும் பொருந்தாது. பேசுதல் வேறு, விடையளித்தல் வேறு. அபேட்சகரைப் பேசவைக்கும் ஆற்றல் மேடைக்கு உண்டு. விடையளிக்கவைக்கும் ஆற்றல் அதற்கு இயல்பாக அமைந்துவிடவில்லை. பெரும்பணஞ் செலவிட்டுத் தயாரிக்கப்படும் விளம்பரங்களும், வினாவைத் தொடாது ஒப்புவிக்கப்படும் வாசகங்களும் ஒருவகையிலே புதிய மௌனமே. நிறுவனங்களும் சங்கங்களும் தேர்தற் பிரசாரத்திற்காகச் சுயாதீனமாகச் செய்யுஞ் செலவுக்கு வரம்பிடலாகாது என 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னர், அவ்வோசை மேலும் பெருகிற்று. பழைய மௌனம் வினாவுவோரை வெளியே நிறுத்திற்று. புதிய ஓசை அவர்களை உள்ளே அனுமதித்து, அவர்களின் குரலை அமிழ்த்த முயல்கின்றது. அந்தரங்கத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக எழுதத் தெரிந்திருந்த ஜெபர்சன், இப்புதிய கலையையும் கற்றிருக்கக்கூடும். மடிசனுக்கு அது கைவந்திராது. அவ்வாறாயின், விடையளிக்க வேண்டியவர் தப்பவும், விளக்கவல்லவர் நீங்கவும் நேரும். இக்காலத் தேர்தல் முறையைக் கண்டிப்பதற்குத் தகுந்த காரணம் அதுவே.

தாபகர்கள் இன்று வெல்வரா தோற்பரா என்பது இறுதியிற் பெரும்பயன் தரும் வினாவன்று. ஒரு நாட்டின் தலைமையை நாடுபவர் எவரெவருக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளார், அவ்விடையைப் பொறுமையுடன் கேட்டு ஆராயும் வாசகர் எத்தனைபேர் என்னும் இரு வினாக்களே பயனுடையவை. பெடரலிஸ்ற் கட்டுரைகள் எதிர்பார்த்த வாசகன் அன்று ஒரு சிறு வகுப்பினுள்ளேயே காணப்பட்டான். ஓனா ஜட்ஜின் வழிவந்தோருக்கு அன்று வாக்கில்லை, இன்று உண்டு. அவ்வாசகனின் பொறுமையும் இவ்வாக்காளரின் உரிமையும் ஒருங்கே அமையும் ஒரு பொதுவாழ்வைத் தாபகர்கள் கண்டதில்லை. அவர்களுக்குப் பின்வந்தோரும் இன்னும் முழுமையாகக் காணவில்லை. அதனை அமைத்தல், தாபகரின் உருவச்சிலைகளை வணங்குவதாலும் அவற்றை உடைப்பதாலும் மாத்திரம் நிறைவேறாது.